பனிக்கரடிப் படத்துக்கு அப்புறம்

இளம் தன்னார்வலர்களுக்கான பருவநிலைப் பயிற்சி முகாம் எப்படிப் போகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். காலையில் ஒரு ஐஸ் பிரேக்கர் விளையாட்டு. அப்புறம் புரொஜெக்டர். உருகும் பனிக்கட்டி மேல் ஒல்லியான ஒரு பனிக்கரடி, மேலே ஏறிக்கொண்டே போகும் ஒரு கோடு. மதியத் தூக்கத்தோடு தூக்கமாக ஐ.நா.வின் நிலைத்த வளர்ச்சி இலக்குகள் பதினேழும். மாலையில் உறுதிமொழி, குழுப்படம், சான்றிதழ். முகாமின் தலைப்பில் 'அமைதி' என்ற சொல்லும் இருந்துவிட்டால் மறுநாள் காலை வேறொருவர் வந்து அமைதி பற்றித் தனியாக ஒரு மணி நேரம் பேசுவார். அது பெரும்பாலும் மூச்சை இழுத்து விடச் சொல்வதில் தொடங்கும்.

பங்கேற்பாளராகவும் பயிற்சியாளராகவும் இப்படிப் பல முகாம்களில் உட்கார்ந்திருக்கிறேன். நடத்துகிறவர்கள் நல்ல மனதோடுதான் நடத்துகிறார்கள். கோளாறு எங்கே என்று முகாமில் தெரியாது, அது முடிந்து சில வாரங்கள் கழித்துத்தான் தெரியும். பயிற்சி பெற்ற பெண்ணோ பையனோ தன் பகுதியில் முதல் கூட்டத்தைக் கூட்டுவார். கொஞ்சம் பேர் வருவார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "இதையெல்லாம் சொல்ல நீ யாரு? உன்னை யார் அனுப்பினது?" என்பார். அந்த நொடிக்கு நம்மிடம் ஸ்லைடு கிடையாது. என்னைக் கேட்டால் பயிற்சியின் பெரும்பகுதி அந்த நொடிக்காகவே இருக்க வேண்டும். கார்பன் கணக்கைப் பிள்ளைகள் கைபேசியிலேயே படித்துக்கொள்வார்கள்.

பருவநிலையும் அமைதியும் ஏன் இரண்டு தனி வகுப்புகளாக ஆயின என்பதற்குக் காகிதத்தில் ஒரு காரணம் இருக்கிறது. 2015 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 2250 என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜோர்டான் முன்னின்று கொண்டுவந்தது. 18 முதல் 29 வயது வரையிலானவர்களை அமைதி முயற்சிகளில் பங்காளிகளாகப் பார்க்க வேண்டும் என்று அந்த அவை தனித் தீர்மானமாகச் சொன்னது அதுதான் முதல் முறை. மூன்றே நாள் கழித்து, டிசம்பர் 12 அன்று, புவி வெப்பமாவதைக் கட்டுப்படுத்துவதற்கான பாரிஸ் ஒப்பந்தம் ஏற்கப்பட்டது. ஒரே வாரத்தில் பிறந்தாலும் இரண்டும் வேறு வேறு வீட்டில் வளர்ந்தன. ஒன்று வெளியுறவுத் துறைகளுக்குப் போனது, மற்றொன்று சுற்றுச்சூழல் துறைகளுக்கு. நிதி தருகிறவர்கள் வேறு, அறிக்கைப் படிவங்கள் வேறு. முகாம்களும் அதே கோட்டில் பிளந்துகொண்டன.

களத்தில் அப்படிப் பிளக்க முடிவதில்லை. மேய்ச்சல் நிலத்தில் காடு வளர்க்கலாம் என்றால் ஆடு மேய்ப்பவர் எங்கே போவார்? வெள்ளத்துக்குக் கரையை உயர்த்தினால் தண்ணீர் எதிர்க்கரைக்குத் திரும்பும். சூரிய மின்சாரத்துக்கு வேலி போட்டால் காலங்காலமாக அந்த வழியே நடந்தவர்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். எந்தப் பருவநிலை வேலையிலும் யாரோ ஒருவருக்கு ஏதோ ஒன்று குறையும், குறைகிறவர் சும்மா இருக்க மாட்டார். சண்டை வெளியிலிருந்து வருவதில்லை, வேலைக்குள்ளேயே இருக்கிறது. அமைதிக்கான பயிற்சி தேவைப்படுவது அங்கேதான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "வறட்சி வந்தால் போர் வரும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் முகாம்களில் பரவியிருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் பருவநிலை ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2022ஆம் ஆண்டு அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. நாட்டுக்குள் நடக்கும் ஆயுத மோதல்களில் பருவநிலைக்கும் பங்கு உண்டு, ஆனால் பொருளாதார, அரசியல் காரணங்களோடு ஒப்பிட்டால் அந்தப் பங்கு சிறியது என்றுதான் அது சொல்கிறது. மழை பொய்த்த எல்லா ஊரிலும் வெட்டுக்குத்து நடப்பதில்லை. பல இடங்களில் பஞ்ச காலத்தில்தான் தண்ணீரை முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளப் பழகியிருக்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாத தன்னார்வலர், வறண்ட ஊரின் மக்கள் முன்னால் நின்று அவர்களையே வருங்கால வன்முறையாளர்களாகப் பேசிவிடுவார். கேட்பவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள்.

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு நூறு வருடப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, 1920இல், பியர் செரெசோல் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் ஒரு சிறு குழுவைக் கூட்டிக்கொண்டு பிரான்சில் வெர்டன் பக்கத்தில் இருந்த எஸ்ன் என்ற கிராமத்துக்குப் போனார். போரில் தரைமட்டமான ஊர். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்று வரை எதிரிகளாக இருந்தவர்கள் சேர்ந்து வீடு கட்டினால் அதைவிடப் பெரிய அமைதிச் செய்தி எது? கட்டினார்கள், உழைத்தார்கள். ஆனால் ஊருக்கு ஜெர்மானியர்களைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. எதிர்ப்பு வலுத்தது. சில மாதங்களில் வேலையை நிறுத்திவிட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று. சர்வதேசத் தன்னார்வச் சேவை முகாம்கள் என்ற பெரிய மரபே அந்த எஸ்னிலிருந்துதான் கிளைத்தது. 1934 பீகார் நிலநடுக்கத்துக்குப் பிறகு செரெசோல் இந்தியாவுக்கும் வந்து கிராமங்களை மறுபடி கட்டும் வேலையில் சேர்ந்தார். இந்தக் கதையைப் பிள்ளைகளிடம் சொன்னால் உடனே வரும் கேள்வி, "அப்போ எஸ்ன் தோல்வியா?" என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்வதில்லை. ஊர்க்காரராக ஒரு பாதி, குழுவாக ஒரு பாதி என்று பிரித்து வாதாட விட்டுவிடுவேன். ஊர்க்காரராக வாதாடுகிற பாதிதான் அன்று அதிகம் கற்றுக்கொள்ளும்.

1990களில் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும் உதவிப் பணிகளைப் பற்றி இதையே ஒரு முறையாக ஆக்கினார்கள். எந்த இடத்திலும் ஆட்களைப் பிரிப்பவை சில இருக்கும், இணைப்பவை சில இருக்கும். நீ கொண்டுபோகும் வேலை எதைக் கூட்டுகிறது, எதைக் குறைக்கிறது என்று முதலில் பார். அவ்வளவுதான். ஒரு சார்ட்டில் நடுவே கோடு போட்டு இரண்டு பக்கமும் எழுதச் சொன்னால் அரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். எழுதும்போது ஒரு வேடிக்கை நடக்கும். ஒரே விஷயம் இரண்டு பக்கமும் வரும். ஒரு கிணறு ஆட்களைச் சேர்க்கவும் செய்யும், பிரிக்கவும் செய்யும். எக்கோபீஸ் மிடில் ஈஸ்ட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு வேலை செய்வது இந்த இடத்தில்தான். 1994இல் தொடங்கிய அதில் ஜோர்டானியர்கள், பாலஸ்தீனர்கள், இஸ்ரேலியர்கள் மூன்று தரப்பும் உண்டு. ஒரே நீரைப் பகிரும் எல்லையோர ஊர்களை இரண்டிரண்டாக இணைக்கும் திட்டத்தை 2001இல் ஆரம்பித்தார்கள். இளைஞர்கள் முதலில் தங்கள் ஊரின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது என்று தேடுவார்கள். அந்தத் தேடலே எல்லையைத் தாண்டிப் போய்விடும்.

சரி, எழுந்து நின்று கேள்வி கேட்ட அந்தப் பின்வரிசை ஆளிடம் வருகிறேன்.

ஒத்திகை என்ற ஒன்றை நான் பயிற்சியின் நடுவில் வைப்பதற்குக் காரணம் அமெரிக்காவின் நாஷ்வில் நகரம். ஜேம்ஸ் லாசன் என்ற இளம் மெதடிஸ்ட் போதகர் 1950களில் சுமார் மூன்று ஆண்டுகள் நாக்பூரில் இருந்தார். காந்தியின் வழிமுறைகளை இங்கேயே பக்கத்திலிருந்து படித்தார். ஊர் திரும்பிய பின் நாஷ்வில்லில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மாணவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் எடுத்தார். வெள்ளையர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்த உணவக மேசைகளில் போய் உட்கார வேண்டும், அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது என்பது திட்டம். அதைச் சொற்பொழிவாகச் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர்கள் நாற்காலிகளை உணவக மேசைபோல வரிசையாகப் போட்டார்கள். சிலர் வாடிக்கையாளராக உட்கார்ந்தார்கள். சிலர் பின்னால் நின்று கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், சிகரெட் புகையை முகத்தில் ஊதினார்கள், நாற்காலியை இழுத்துத் தள்ளினார்கள். திட்டியதும் தள்ளியதும் கூடப் படிக்கும் நண்பர்கள். அப்புறம் இடம் மாறிக்கொண்டார்கள். வாரக்கணக்கில் இதுவே நடந்தது.

1960 பிப்ரவரியில் நிஜமாகவே போய் உட்கார்ந்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி அவர்கள் மேல் தாக்குதல் நடந்தது. போலீஸ் தாக்கியவர்களை விட்டுவிட்டு மாணவர்களைக் கைது செய்தது. ஒரு வரிசையை ஏற்றிக்கொண்டு போனதும் அடுத்த வரிசை வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. மாணவர்களின் கையில் ஒரு சின்ன விதிப்பட்டியல் இருந்தது. அவர்களில் இருவரான ஜான் லூயிஸும் பெர்னார்ட் லஃபாயெட்டும் எழுதியது. அதில் தத்துவம் மிகக் குறைவு. நேராக உட்கார், மேசையைப் பார்த்து உட்கார், வாசலை மறிக்காதே, சத்தமாகச் சிரிக்காதே, தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழாதே, யாராவது விவரம் கேட்டால் மரியாதையாகத் தலைவரிடம் அனுப்பு. மே 10ஆம் தேதி நகரின் ஆறு கடைகள் கறுப்பின வாடிக்கையாளர்களுக்கும் பரிமாறத் தொடங்கின. டயான் நாஷ், ஜான் லூயிஸ் போன்ற பெயர்கள் பிற்பாடு உலகம் அறிந்தவை ஆயின. அப்போது அவர்கள் இருபதைச் சுற்றிய வயதுப் பிள்ளைகள். சத்தமாகச் சிரிக்காதே என்ற விதியை எழுத ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது என்றால், பயத்தில் சிரிப்பு வரும் என்று ஒத்திகையில் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் நடத்தும் ஒத்திகைக்கு இவ்வளவு கொடுமை தேவைப்படுவதில்லை. 'ஓடை' என்று அதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறேன். கற்பனையான ஒரு ஓடை, மேற்பகுதியில் பயிர் செய்பவர்கள், கீழ்ப்பகுதியில் குடிக்கத் தண்ணீர் இல்லாதவர்கள். முறை வைத்துத் தண்ணீர் விடலாம் என்ற யோசனையோடு ஒரு தன்னார்வலர் கூட்டம் கூட்டுகிறார். நடிக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. முன்பக்கம் அவர் வாய்விட்டுச் சொல்வது, பின்பக்கம் அவர் சொல்லாதது. மேற்பகுதிக்காரரின் முன்பக்கத்தில் "ஒரு சொட்டுகூட விட மாட்டேன்" என்று இருக்கும். பின்பக்கத்தில் "இந்தப் பயிர் கடன் வாங்கி வைத்தது. இது போனால் நிலம் போய்விடும்." ஒரே ஒரு விதி: பின்பக்கத்தைத் தானாகச் சொல்லக் கூடாது. யாராவது கேட்டால், கேட்ட விதம் பிடித்திருந்தால் மட்டும் சொல்லலாம்.

தன்னார்வலராக வருபவர் பெரும்பாலும் எப்படித் தொடங்குவார் தெரியுமா? "ஐயா, ஐபிசிசி அறிக்கை என்ன சொல்லுதுன்னா..." ஒருமுறை மேற்பகுதிக்காரராக நடித்த பெண் சட்டென்று, "அந்த அறிக்கையா தம்பி வந்து என் கடனை அடைக்கும்?" என்று கேட்டுவிட்டாள். கூடமே சிரித்தது. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. இன்னும் இரண்டு புள்ளிவிவரம் சொன்னான், குரலை உயர்த்தினான், "எல்லாருக்கும் நல்லதுதானே" என்றான். அவள் அசையவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேறொருவரை அனுப்பினேன். அந்தப் பிள்ளை அதுவரை ஓரத்தில் உட்கார்ந்து எதுவும் பேசாமல் இருந்தவள். நேராகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த வருஷம் தண்ணீரை விட்டுக்கொடுத்தா உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தாள். நடித்தவள் கொஞ்ச நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் திருப்பினாள்.

அதோடு ஓடைப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. கடன் தெரிந்த பிறகுதான் நிஜமான சிக்கல் ஆரம்பித்தது. கீழ்ப்பகுதியினர் அந்தப் பயிருக்கு எப்படி ஈடு தருவது, யார் கணக்கு வைப்பது, முறை தப்பினால் என்ன தண்டனை என்று வேறு ஒரு பட்டியலே விரிந்தது. பொதுச்சொத்தை மக்களே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரோம் சொன்ன விஷயங்கள் பல அந்தப் பட்டியலில் தானாகவே வந்து நின்றன: விதியை அதற்கு உட்படுகிறவர்களே வகுப்பது, கண்காணிப்பு, சிறிதில் தொடங்கிப் படிப்படியாகக் கூடும் தண்டனை, தகராறைத் தீர்க்கச் செலவில்லாத ஒரு இடம். ஆஸ்ட்ரோமை முதலில் ஸ்லைடில் காட்டியிருந்தால் ஒருவருக்கும் நினைவிருக்காது. ஒத்திகை முடிந்து, தாங்களே தடுமாறிக் கண்டுபிடித்த பின் அவர் பெயரைச் சொன்னால் குறித்துக்கொள்கிறார்கள்.

ஒத்திகை பெரிய அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு வங்கதேசம் இருக்கிறது. 1970 நவம்பரில் வந்த போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் இறந்தார்கள். அதன் பின் 1972இல் புயல் ஆயத்தத் திட்டம் ஒன்று தொடங்கியது. செஞ்சிலுவை இயக்கமும் அரசும் சேர்ந்து நடத்துவது. இன்று அதில் 76,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் கடலோரம் முழுக்க இருக்கிறார்கள். மெகாஃபோன், கையால் சுழற்றும் சைரன், ரேடியோ, கொடி. ஆபத்து கூடக் கூடக் கொடியின் எண்ணிக்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். ஒவ்வொரு சிறு குழுவிலும் எச்சரிக்கை சொல்ல, தங்குமிடம் சேர்க்க, மீட்க, முதலுதவி செய்ய என்று வேலை பிரித்திருக்கும். அவரவர் வேலையைப் புயல் இல்லாத நாளில் செய்து பார்த்திருப்பார்கள். 2020 மே மாதம் ஆம்பன் வந்தபோது, கொரோனா நடுவில், வங்கதேசத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இடம் மாற்றினார்கள். அங்கே இறந்தவர்கள் சில பத்துப் பேர். வானிலைக் கணிப்பும், புயல் காப்பகக் கட்டடங்களும், கரைகளும் இதில் சேர்ந்துதான் வேலை செய்தன. ஆனாலும் "கிளம்புங்கள்" என்று வாசலில் நின்று சொன்னவர் அதே தெருக்காரராக இருந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று களத்தில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அந்தத் திட்டத்தின் கதையில் பயிற்சியாளர்கள் கவனிக்க வேண்டிய பகுதி 1991. அந்த ஆண்டுப் புயலில் சுமார் 1,38,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை போயிருந்தது. ஆனால் 20 முதல் 44 வயது வரையிலானவர்களில் பெண்களின் இறப்பு ஆண்களைவிடப் பல மடங்கு. எச்சரிக்கை ஆண்கள் கூடும் இடங்களில் ஆண்களுக்குள் பரவியது. வீட்டையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பப் பெண்களால் முடியவில்லை. நெரிசலான காப்பகத்தில் மறைவிடம் கிடையாது. இன்று அந்தத் தன்னார்வலர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். "பெண்களையும் சேர்க்க வேண்டும்" என்று எல்லா முகாமிலும் ஒரு வரி சொல்கிறோம். எதற்காக என்று கேட்டால் சமத்துவம் என்கிறோம், அது சரிதான். ஆனால் 1991ஐச் சொன்னால் கூடம் அமைதியாகிக் கேட்கும்.

அறிவியல் எவ்வளவு கற்பிக்க வேண்டும்? என் கணக்கில் ஒரு மதியம் போதும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் போன முதல் ஆண்டு 2024. ஒரு தனி ஆண்டு தாண்டினால் பாரிஸ் ஒப்பந்தத்தின் 1.5 டிகிரி வரம்பே உடைந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அது நீண்டகாலச் சராசரிக் கணக்கு. தணிப்புக்கும் (வெப்பமாக்கும் வாயுக்களைக் குறைப்பது) தகவமைப்புக்கும் (வந்துவிட்ட மாற்றத்தோடு வாழத் தயாராவது) வித்தியாசம் தெரிய வேண்டும். அதன் பிறகு கேள்விகளுக்கு "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லப் பழக வேண்டும். இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் மதியத்தில் பாதி போகும்.

மரம் நடுதலைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த இளைஞர் குழுவும் முதலில் கேட்பது மரக்கன்றுதான், ஏனென்றால் மரத்தை யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்று நினைக்கிறார்கள். வங்காரி மாத்தாயின் வாழ்க்கையைப் படித்தால் அந்த நினைப்பு போய்விடும். 1977இல் கென்யாவில் அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கம் நைரோபியின் உஹுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் கட்டும் அரசின் திட்டத்தை 1989இல் எதிர்த்தது. அதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. 2004இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கொடுத்தபோது, மரத்துக்கும் அமைதிக்கும் என்ன சம்பந்தம் என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள்.

அவரிடமிருந்து பயிற்சியாளர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது இரண்டு. ஒன்று, பெண்களுக்குச் சிறு தொகை கொடுத்தது நட்ட கன்றுக்கு அல்ல, பிழைத்த கன்றுக்கு. நடும் நாளில் படம் எடுத்துக்கொண்டு போகிற நம் வழக்கத்துக்கு நேர் எதிர். இன்னொன்று, அவர் நடத்திய கருத்தரங்குகள். முதலில் மக்களிடம் அவர்களுடைய பிரச்சினைகளைப் பட்டியல் போடச் சொல்வார். அப்புறம் இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று கேட்பார். எல்லாரும் அரசாங்கத்தைக் கைகாட்டுவார்கள். அப்போது ஒரு பயணியின் கதையைக் கொண்டுவருவார். எங்கோ போக நினைத்தவர் தப்பான பேருந்தில் ஏறிவிட்டார். ஏன் ஏறினார்? பலகையைப் படிக்கத் தெரியாததால் இருக்கலாம், யாரிடமும் கேட்காததால் இருக்கலாம், யாரோ தப்பாகச் சொல்லியிருக்கலாம், பயமுறுத்தி ஏற்றியிருக்கலாம். காரணங்களைக் கூட்டத்திலிருப்பவர்களே சொல்லச் சொல்ல, அரசாங்கத்தின் பங்கோடு தங்கள் பங்கும் பட்டியலில் ஏறிவிடும். குற்றம் சாட்டாமல் ஒருவரைத் தன்னைப் பார்க்க வைப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சுலபமான வழியை நான் பார்த்ததில்லை.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பது அடுத்த தலைவலி. விண்ணப்பப் படிவம் வைத்தால் நன்றாக எழுதுகிறவர்கள் வருவார்கள். நேர்காணல் வைத்தால் நன்றாகப் பேசுகிறவர்கள். இரண்டு வகையும் முகாமுக்கு வசதி, ஊருக்கு அவ்வளவு வசதி என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் தென் கரோலினாவின் ஜான்ஸ் தீவில் 1957இல் கறுப்பினப் பெரியவர்கள் எழுதப் படிக்கக் கற்று வாக்காளராவதற்கான முதல் குடிமைப் பள்ளி தொடங்கியபோது அதன் அமைப்பாளர்கள் செப்டிமா கிளார்க்கும் மைல்ஸ் ஹார்ட்டனும் ஆசிரியராகத் தேர்ந்தெடுத்தது பெர்னிஸ் ராபின்சன் என்ற முடிதிருத்தும் பெண்ணை. ஆசிரியர் பயிற்சி இல்லை என்பதுதான் அவருடைய தகுதி. பாடம் நடத்தும் தோரணை அவருக்கு வராது, பெரியவர்கள் கூச்சப்பட மாட்டார்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க எழுத்தறிவுத் தேர்வு இருந்த காலம் அது. ராபின்சன் முதல் வகுப்பில் வந்தவர்களிடம் என்ன கற்க வேண்டும் என்று கேட்டார். பெயரைக் கையெழுத்துப் போட வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், அஞ்சல் படிவம் நிரப்ப வேண்டும் என்றார்கள். பாடத்திட்டம் அங்கிருந்து தொடங்கியது. ஏற்கெனவே நாலு பேர் தேடி வந்து பேசிவிட்டுப் போகிற ஒரு ஆள் எந்தத் தெருவிலும் இருப்பார். அவரைப் போய் அழைத்து வருவதற்கு நேரம் ஒதுக்கினால் படிவமே வேண்டாம்.

பெரியவர்கள் செய்யும் தொல்லை ஒன்று உண்டு, அது பயிற்சி பெற்றவர்களை மேடையில் உட்கார வைப்பது. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992இல் யுனிசெஃப்புக்காக எழுதியபோது பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். கீழே உள்ள மூன்று படிகள் கையாளுதல், அலங்காரம், பெயரளவு. அந்த மூன்றும் பங்கேற்பே இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். மாநாடுகளில் டி-ஷர்ட் போட்டு இளைஞர்களை நிறுத்துவது எந்தப் படி என்று கேட்டால் அமைப்பாளர்கள் நெளிவார்கள். ஒரு சுலபமான சோதனை: பட்ஜெட்டில் ஒரு பகுதியை அவர்கள் தாங்களே முடிவெடுத்துச் செலவு செய்ய முடியுமா? முடியாது என்றால் மீதியைப் பேசிப் பயனில்லை. கூடவே போக்குவரத்துச் செலவு. தன்னார்வம் என்றால் கைக்காசு போட வேண்டும் என்று வைத்துவிட்டால் கைக்காசு உள்ளவர்கள் மட்டும்தான் தலைவர்கள் ஆவார்கள்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் பயிற்சியை முடிப்பது பொறுப்பில்லாத வேலை. நிலத்தையும் சுற்றுச்சூழலையும் காக்கப் போய் 2023இல் மட்டும் 196 பேர் கொல்லப்பட்டதாக குளோபல் விட்னஸ் என்ற கண்காணிப்பு அமைப்பு பதிவு செய்திருக்கிறது. அதில் அதிகம் பேர் கொலம்பியாவில். ஆம்பன் சமயத்தில் எச்சரிக்கை சொல்லப் படகில் போன ஒரு வங்கதேசத் தன்னார்வலர் படகு கவிழ்ந்து இறந்தார். எல்லா வேலையும் இவ்வளவு ஆபத்தானதில்லை. ஆனால் தனியாகப் போகாதே, போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ, மிரட்டல் வந்தால் அன்றே எழுதி வை, உன் குழுவில் உள்ளவரின் படத்தைக் கேட்காமல் போடாதே, பயமாக இருந்தால் பின்வாங்கலாம், யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள் என்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்வாங்குவதற்கும் ஒத்திகை வேண்டும். பத்தொன்பது வயதில் "இல்லை, நான் வரவில்லை" என்று நண்பர்கள் முன் சொல்வது லேசான காரியமில்லை.

பயிற்சி பிடித்ததா இல்லையா என்பதை முகாமின் கடைசி நாள் கருத்துப் படிவத்தில் பார்க்க முடியாது. எல்லாரும் 'மிக நன்று' என்றுதான் குறிப்பார்கள். நான் சில மாதம் கழித்துப் போன் செய்து ஒரே ஒரு விஷயம் கேட்பேன்: உன் கூட்டத்துக்கு உன்னோடு ஒத்துப்போகாத யாராவது இரண்டாம் முறையும் வந்தார்களா? "வந்தாங்க, இந்த தடவையும் சண்டை போட்டாங்க" என்று சலித்துக்கொண்டு சொன்னால் எனக்கு நிம்மதி. "எல்லாரும் நல்லா ஒத்துழைக்கிறாங்க" என்று பதில் வந்தால்தான் கவலை. கூட்டத்துக்கு நண்பர்கள் மட்டும் வருகிறார்கள் என்று அதற்கு அர்த்தம்.

இளைஞர்கள் நிற்க மாட்டார்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். படிப்பு, வேலை, கல்யாணம், வேறு ஊர். 2250ஆம் தீர்மானத்தின் கணக்கிலேயே 30 வயதானால் ஆள் வெளியே. ஆகவே தலைவராகத் தேர்வானவரிடம் முதல் நாளே உனக்கு அடுத்து யார் என்று கேட்டுப் பெயரை எழுதி வாங்கிவிடுகிறேன். சிலருக்கு அது அவமானமாக இருக்கிறது, இப்போதுதானே வந்தேன் என்கிறார்கள். வாங்கிய பெயருக்குரியவர் இரண்டாவது கூட்டத்திலிருந்தே கூட உட்கார வேண்டும். கூட்டக் குறிப்பு நோட்டை அவர்தான் எழுத வேண்டும். நோட்டில் வழக்கமான தீர்மானங்களோடு, யாருக்கு நாம் என்ன வாக்குக் கொடுத்தோம், யாருக்கு எதில் வருத்தம் என்று தனியாக ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்வேன். பொறுப்பு கைமாறும் வாரத்தில் பழையவரும் புதியவரும் சேர்ந்து அந்தப் பக்கத்தில் இருக்கும் வீடுகளுக்கு ஒரு நடை போய்விட்டு வர வேண்டும். மற்ற கோப்புகளை அப்புறம் நிதானமாகக் கொடுத்துக்கொள்ளலாம்.